16–5: பழைய கல்லூரிக் கூடைப்பந்து சீசனைப் படிப்பது எப்படி?

1899 பிப்ரவரி 3. கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு அதுதான் முதல் ஆட்டம். எதிரணி கான்சாஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. 16-க்கு 5 என்று கான்சாஸ் தோற்றது. இன்றைக்கு பேஸ்கட்பால் ஆடுகிற பையன்களிடம் இந்த ஸ்கோரைக் காட்டினால் "முதல் குவார்ட்டர் ஸ்கோரா சார்?" என்றுதான் கேட்பார்கள். இல்லை தம்பி, முழு ஆட்டம்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விசில் ஊதியதைவிட டோர்னமென்ட்களில் டேபிளில் உட்கார்ந்து ஸ்கோர்ஷீட் எழுதியதுதான் அதிகம். முதல் குவார்ட்டருக்குச் சிவப்புப் பேனா, அடுத்ததற்கு நீலம் என்று மாற்றி மாற்றிப் பிடித்த கை. மகள் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரில் குடியிருப்பதால் அங்கே போகும்போதெல்லாம் பழைய கல்லூரி சீசன்களைத் தோண்டி எடுத்து என் நோட்டில் ஸ்கோர்ஷீட்டாகத் திருப்பி எழுதுவது வழக்கமாகிவிட்டது. விளையாட்டு வரலாற்றில் ஆர்வமுள்ள பழைய மாணவர்கள் சிலர் இதை எப்படிச் செய்வது என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் கான்சாஸின் 1898–99 சீசனையே வைத்துக்கொள்கிறேன். மொத்தம் 7 வெற்றி, 4 தோல்வி. கையடக்கமான சீசன், பழகுவதற்கு நல்லது.

முதல் வேலை, ஸ்கோரைத் தொடாமல் இருப்பது. அந்த சீசனில் என்ன விதி இருந்தது என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அது இல்லாமல் பழைய ஸ்கோரைப் படிக்கிறவர்கள், அந்தக் காலத்துப் பையன்களுக்குப் பந்து போடவே தெரியாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஆண்டைக் குறிப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. குளிர்காலத்து ஆட்டம் என்பதால் ஒரு சீசன் இரண்டு வருஷத்தில் கால் வைக்கும். ஆண்டு மலரில் '1899 அணி' என்று இருந்தால் 1898–99 சீசன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விதிகள் சீசனுக்கு சீசன் மாறின. அதனால் 1896 ஜனவரியில் நடந்த ஆட்டத்தை 1895–96 விதியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இனி விதிகள். 1891 டிசம்பர் 21 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித் முதல் ஆட்டத்தை ஆடவைத்தார். வகுப்பில் 18 பேர், பக்கத்துக்கு 9 பேராகப் பிரித்தார். மாடி கைப்பிடியில் 10 அடி உயரத்தில் பீச் பழக்கூடை, கையில் கால்பந்து. விழுந்தது ஒரே ஒரு கோல், போட்டவர் வில்லியம் சேஸ். மொத்தம் 13 விதிகள், தட்டச்சு செய்த 2 பக்கம். அந்த மூலத் தாள்கள் இப்போது லாரன்ஸில்தான், ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் அரங்கத்தை ஒட்டிய டெப்ரூஸ் சென்டரில் இருக்கின்றன. 2010-ல் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குப் போன காகிதம். அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்காமல் வராதீர்கள்.

அந்த 13-ல் ஸ்கோர் படிப்பவருக்கு முக்கியமானவை இரண்டு. ஒருவர் இரண்டாவது ஃபவுல் செய்தால் அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்க வேண்டும். ஒரு அணி தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல் கணக்கில் ஏறும். அதாவது யாருமே போடாத கோலும் ஸ்கோரில் இருக்கலாம். ஆட்டக்காரர் வாரியான கோல்களைக் கூட்டினால் மொத்தத்தோடு இடிக்கும். ஆரம்ப வருஷங்களில் அப்படி இடித்தால் பத்திரிகைக்காரரைத் திட்டுவதற்கு முன் இந்த விதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீ த்ரோ, அதாவது ஒரு அணி ஃபவுல் செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் தடுப்பில்லாத எறிதல், 1894-ல் வந்தது. களத்திலிருந்து போட்டால் 2, ஃப்ரீ த்ரோவுக்கு 1 என்ற கணக்கு 1895–96 சீசனிலிருந்து. பக்கத்துக்கு 5 பேர் என்பது 1897-ல் விதியானது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மூன்று ஆட்டங்களைப் பார்த்தால் பழக்கம் வந்துவிடும்.

1895 பிப்ரவரி 9: மினசோட்டா வேளாண் பள்ளி, ஹாம்லின் கல்லூரியை 9–3 என்று வென்றது. பக்கத்துக்கு 9 பேர். இது 2–1 கணக்குக்கு முந்தைய ஆட்டம். ஆகவே ஒன்பதை இரண்டால் வகுத்துப் பார்க்க உட்காராதீர்கள். 1896 ஜனவரி 18: அயோவா சிட்டியில் சிகாகோ பல்கலைக்கழகம் அயோவா அணியை 15–12 என்று வென்றது. விதி வருவதற்கு முன்பே பக்கத்துக்கு 5 பேர், மாற்று ஆட்டக்காரர் யாரும் இறங்கவில்லை. இதில் புதுக் கணக்கு செல்லும். 1897 மார்ச் 20: யேல், பென்சில்வேனியாவை 32–10 என்று அடித்தது. 'முதல் கல்லூரி ஆட்டம்' என்ற பட்டத்தை இந்த மூன்றுக்குமே யாராவது ஒருவர் கொடுத்திருப்பார். அயோவா அணியில் இருந்தவர்கள் மாணவர்கள்தான், ஆனால் ஒய்.எம்.சி.ஏ. பெயரில் ஆடியவர்கள். அதை எண்ணுவதா வேண்டாமா என்பதுதான் தகராறு. என் நோட்டில் மூன்றையும் எழுதி, பக்கத்தில் எத்தனை பேர் ஆடினார்கள் என்று மட்டும் குறித்திருக்கிறேன். பட்டம் கொடுப்பது ஸ்கோரர் வேலை இல்லை.

இப்போது 16–5-க்கு வருவோம். 1899-ல் 2–1 கணக்குதான். கான்சாஸின் 5 ஒற்றைப்படை. அப்படியானால் ஃப்ரீ த்ரோ குறைந்தது ஒன்றாவது விழுந்திருக்க வேண்டும், களத்து பாஸ்கெட் அதிகபட்சம் இரண்டு. எதிரணிக்கு 16, அதிகபட்சம் எட்டு பாஸ்கெட். இரண்டையும் கூட்டினால் ஆட்டம் முழுக்கப் பத்துக்கு மேல் களத்து பாஸ்கெட் விழ வாய்ப்பே இல்லை. பெட்டிச் செய்தி (ஆட்டக்காரர் வாரியாக எண்களைத் தரும் பத்திரிகைக் கட்டம்) கிடைக்காத ஆட்டத்திலும் வெறும் இறுதி ஸ்கோரை வைத்து இவ்வளவு சொல்லலாம். ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்ப்பதுதான் இதில் முதல் ஆயுதம்.

ஏன் இவ்வளவு குறைவு? ஒவ்வொரு பாஸ்கெட்டுக்குப் பிறகும் பந்து நடுவுக்குப் போகும், ஜம்ப் பால்: ரெஃப்ரி பந்தை மேலே தூக்கிப் போட, இரு அணியின் சென்டர்களும் குதித்துத் தட்டுவார்கள். இந்த வழக்கம் 1937 வரை நீடித்தது. கூடைக்கு அடி மூடியிருந்த காலத்தில் பந்தை வெளியே எடுப்பதே ஒரு வேலை. முதலில் ஏணி, கம்பு. பிறகு இரும்பு வளையமும் வலையும் வந்து சங்கிலியை இழுத்தால் பந்து விழும் ஏற்பாடு. அடி திறந்த வலை ஒழுங்காக விதிக்குள் வந்தது 1912 வாக்கில்தான். பந்தை எடுத்து, நடுவுக்கு நடந்து, சென்டர்கள் இருவரும் நின்று, ரெஃப்ரி தூக்கிப் போட்டு... டேபிளில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும், ஒரு ஜம்ப் பாலுக்கு எவ்வளவு நேரம் கரையும் என்று.

ஆனால் இதே விதிதான் எதிர்ப்பக்கத்து ஸ்கோர்களுக்கும் காரணம். 1903-ல் பக்னெல் கல்லூரி, பிலடெல்பியா மருந்தியல் கல்லூரியை 159–5 என்று அடித்தது. ஜான் ஆண்டர்சன் என்ற ஒரே ஆள் 80 புள்ளி. ஒரு பக்கம் 16–5, நாலு வருஷத்தில் 159–5 என்றால் ஆட்டமே வேறாகிவிட்டதா என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு பாஸ்கெட் போட்டால் பந்து எதிரணியிடம் போய்விடும். அன்றைக்கு நடுவில் ஜம்ப். உங்கள் சென்டர் ஒரு கை உயரம் அதிகமானவன் என்றால் போட்ட பந்து திரும்ப உங்களுக்கே வரும். மறுபடியும் போடலாம், மறுபடியும் வரும். எதிரணி பந்தைத் தொடாமலேயே தோற்றுக்கொண்டிருக்கும். எனவே பெரிய வித்தியாச ஸ்கோரைப் பார்த்தால் முதலில் சென்டர் யார் என்று தேடுங்கள். எனக்குத் தெரிந்து பழைய சீசன்களைப் படிக்க இதைவிட நல்ல சாவி கிடையாது.

பெட்டிச் செய்தி கிடைத்துவிட்டால் வேலை ருசியாக இருக்கும். பெயர், ஆடும் இடம், பிறகு இரண்டு மூன்று பத்தியில் எண்கள்: களத்து பாஸ்கெட், ஃப்ரீ த்ரோ, செய்த ஃபவுல். தலைப்பில் வெறும் ஒற்றை எழுத்துதான் இருக்கும், அதுவும் பத்திரிகைக்குப் பத்திரிகை மாறும். 'எஃப்' என்ற எழுத்து பெயருக்குப் பக்கத்தில் இருந்தால் ஃபார்வர்டு, பத்தித் தலைப்பில் இருந்தால் ஃபவுலோ ஃப்ரீ த்ரோவோ. எதுவென்று தெரிந்துகொள்ள பாஸ்கெட்டை இரண்டால் பெருக்கி அந்தப் பத்தியைக் கூட்டுங்கள். மொத்தம் சரியாக வந்தால் ஃப்ரீ த்ரோ. வராவிட்டால் அது செய்த ஃபவுல் எண்ணிக்கையாக இருக்கலாம். அப்போது ஃப்ரீ த்ரோ கீழே சின்ன எழுத்தில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃப்ரீ த்ரோ பத்தியில் ஒரே ஆளுக்கு எதிரே பெரிய எண், மற்ற நால்வருக்கும் பூஜ்யம் என்று இருந்தால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். 1924 வரை ஃபவுலால் பாதிக்கப்பட்டவரே போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அணியில் கை நிதானமான ஒருவர் எல்லாவற்றையும் போடுவார். அதனால் அந்தக் காலத்து 'அதிக புள்ளி எடுத்தவர்' பட்டியலை அப்படியே நம்பி வீரர்களை ஒப்பிடக் கூடாது. களத்து பாஸ்கெட்டைத் தனியே எடுத்து வரிசைப்படுத்துங்கள். பட்டியலின் தலை மாறிப்போவதைப் பல சீசன்களில் பார்க்கலாம்.

அதேபோல் கார்டு (தற்காப்பு) இடத்தில் ஆடியவருக்குப் பூஜ்யம் என்றால் மட்டமான ஆட்டக்காரர் என்று அர்த்தமில்லை. ஒரு கார்டு தன் கூடைக்கடியிலேயே நின்று காவல் காப்பது அன்றைய வழக்கம். பெயர்கள் ஐந்துதான் இருக்கின்றனவே என்றும் சந்தேகப்பட வேண்டாம்: 1920 வரை வெளியே போனவர் திரும்ப இறங்க முடியாது, ஆகவே ஆளை மாற்றுவது அபூர்வம். ஃபவுல் எண்ணிக்கைக்கும் ஆண்டு பார்க்க வேண்டும். ஐந்து ஃபவுலில் வெளியே என்பது 1908-ல் வந்தது, 1910-ல் நான்காகக் குறைந்தது.

பெண்கள் ஆட்டங்கள் கிடைத்தால் நோட்டில் தனிப் பகுதி போடுங்கள். ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரென்சன் களத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியைத் தாண்டக் கூடாது, கையிலிருக்கும் பந்தைப் பறிக்கக் கூடாது என்று மாற்றியமைத்த ஆட்டம் அது. 1896 ஏப்ரல் 4 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டு பெண்கள் பெர்க்லி பெண்களை 2–1 என்று வென்றார்கள். பக்கத்துக்கு 9 பேர், ஆண்களுக்கு உள்ளே அனுமதியே இல்லை. அதை ஆண்கள் விதியை வைத்துப் படித்தால் ஒன்றும் விளங்காது.

அடுத்தது களம். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஹாம்லினில் ஆட்டம் நடந்தது கூரை தாழ்ந்த ஒரு அடித்தளத்தில். கான்சாஸில் ஸ்னோ ஹால் கட்டடத்து அடித்தளம்தான் உடற்பயிற்சிக் கூடம், அங்கும் உயரம் போதாமல் ஊரிலிருந்த ஸ்கேட்டிங் கூடத்தில் ஆடினார்கள். ராபின்சன் ஜிம்னேசியம் என்று சொந்தக் கூடம் வந்தது 1907-ல். தாழ்ந்த கூரைக்குக் கீழே வளைத்துத் தூக்கிப் போட முடியாது. பழகிய கூரை, பழகாத கூரை என்பதே பாதி வெற்றி தோல்வியைத் தீர்மானித்திருக்கும். கூடைக்குப் பின்னால் உள்ள போர்டு சுவரோடு ஒட்டி இருந்த இடங்களில் ஆட்டக்காரர்கள் சுவரில் கால் வைத்து ஏறிப் போடுவார்கள். 1920-ல் போர்டை சுவரிலிருந்து 2 அடி முன்னால் தள்ளி வைத்த பிறகுதான் அந்த வித்தை நின்றது. எல்லைக்கு வெளியே போன பந்து முதலில் தொட்டவருக்குச் சொந்தம் என்ற விதி 1913 வரை இருந்தது. மாடிக்குப் போன பந்தைத் துரத்திக்கொண்டு படியேறி ஓடியவர்கள் உண்டு. இன்றைக்கு ஒரு பந்து வெளியே போனால் அடுத்த பந்து யாருக்கு என்று காட்டும் அம்புக்குறியைத் திருப்பலாமா என்று டேபிளைப் பார்க்கிறார்கள். அன்றைக்கு டேபிளையே தள்ளிவிட்டு ஓடியிருப்பார்கள்! ஆகவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 'எங்கே' என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஊர் மட்டும் போதாது, எந்தக் கட்டடம் என்றும் தேடுங்கள்.

எதிரணி கட்டம். கல்லூரி சீசன் என்று பெயர் இருக்கும், எதிரே நிற்பவர்களில் கல்லூரி குறைவாக இருக்கும். ஒய்.எம்.சி.ஏ., ஊர் கிளப், பூர்வகுடி மாணவர் பள்ளிகள் என்று யார் அகப்பட்டாலும் ஆடினார்கள். வேறு வழியில்லை, பக்கத்துக் கல்லூரிகளில் அணியே இருக்காது. 7–4 என்பதை எழுதும்போது எதிரணியின் வகையையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒய்.எம்.சி.ஏ. அணிகளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஆட்டம் பிறந்த வீடே அதுதான், பல ஊர்களில் கல்லூரிக்காரர்களுக்கு முன்பே ஆடிக் கைதேர்ந்தவர்கள். ஸ்பிரிங்ஃபீல்டின் முதல் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு கேப்டனாக நின்ற டங்கன் பேட்டன்தான் 1894-ல் இந்த ஆட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் என்கிறார்கள். 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக்கும் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்தான். நம் பி.டி. வாத்தியார் பரம்பரைக்கே அங்கேதான் வேர்.

பயிற்சியாளர் கட்டத்தை நிரப்பும்போது மட்டும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். கான்சாஸுக்கு 1898-ல் நைஸ்மித் வந்தது தேவாலயப் பொறுப்புக்கும் உடற்பயிற்சி கற்பிக்கவும். கையில் டென்வரில் வாங்கிய மருத்துவப் பட்டம். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் நடத்திய அணியின் மொத்தக் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. இதுவரை கான்சாஸ் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் இவர் ஒருவர்தான் என்று இன்றும் கேலி பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிப்பதில்லை. பயிற்சி கொடுத்து ஜெயிக்கவைக்கிற ஆட்டமாக அவர் இதை நினைக்கவே இல்லை. உடம்பு நன்றாக இருக்க ஆடுவது என்றுதான் பார்த்தார். பெரும்பாலும் ரெஃப்ரியாகவே நின்றார். ஓரத்தில் உட்கார்ந்து கத்துகிற இன்றைய பயிற்சியாளரை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தைப் படிக்கக் கூடாது. டைம் அவுட்டில் பயிற்சியாளர் ஆட்டக்காரர்களிடம் பேச அனுமதி வந்ததே 1949-ல். அதற்கு முன் களத்துக்குள் முடிவெடுத்தவர் கேப்டன். என் நோட்டில் கேப்டன் பெயர் மேலே, பயிற்சியாளர் பெயர் அதற்குக் கீழே.

செய்தி தேடுவதற்கு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் 'குரோனிக்லிங் அமெரிக்கா' பழைய பத்திரிகைத் தொகுப்பு இலவசம். கல்லூரிகளின் ஆண்டு மலர்களும் பல இடங்களில் வருடிப் போடப்பட்டிருக்கின்றன. தேடும்போது ஆங்கிலத்தில் பேஸ்கட், பால் இரண்டையும் பிரித்தும் போட்டுப் பாருங்கள், அன்று அப்படித்தான் எழுதினார்கள். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு ஊர்ப் பத்திரிகையையும் எடுங்கள். ஜெயித்த ஊர்க்காரன் நீளமாக எழுதுவான், தோற்ற ஊர்க்காரன் ரெஃப்ரியைப் பற்றி எழுதுவான். ஸ்கோர் இரண்டிலும் ஒத்துப்போனால் பேனாவால் எழுதுங்கள், மோதினால் இரண்டையும் பென்சிலில். ஆண்டு மலரில் சீசன் கணக்கு ஒன்றும் பத்திரிகைகளைக் கூட்டினால் வேறொன்றும் வருவது சகஜம். பழைய மாணவர்களோடு ஆடிய பயிற்சி ஆட்டத்தை ஒருவர் சேர்த்திருப்பார், ஒருவர் விட்டிருப்பார்.

'தேசிய சாம்பியன்' என்ற வார்த்தையைப் பார்த்தால் நிறுத்திப் படியுங்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.-வின் முதல் டோர்னமென்ட் 1939-ல்தான் நடந்தது. 1900–01-ல் யேல், 1901–02-ல் 15 ஆட்டமும் ஜெயித்த மினசோட்டா என்று வரும் பட்டங்கள், 1936-ல் தொடங்கிய ஹெல்ம்ஸ் அறக்கட்டளை பின்னோக்கிப் போய்க் கொடுத்தவை. அந்தப் பையன்களுக்கு அப்போது அது தெரியாது. விதிவிலக்காக 1908-ல் சிகாகோவும் பென்சில்வேனியாவும் நாட்டின் சிறந்த அணி யார் என்று பார்க்க உண்மையிலேயே மோதின, சிகாகோ ஜெயித்தது. அதைத் தாராளமாக எழுதலாம்.

கடைசியாக அணியின் புகைப்படம். நடுவில் உட்கார்ந்திருப்பவர் மடியில் பந்து, பந்தில் வெள்ளை மையில் ஆண்டு: பெரும்பாலும் இப்படித்தான் எடுப்பார்கள். அந்த ஆண்டு சீசன் முடிந்த ஆண்டு. பந்தின் தையலில் கயிறு கட்டியிருப்பது தெரியும். அந்த முடிச்சுப் பக்கம் தரையில் பட்டால் பந்து எங்கே துள்ளும் என்று யாருக்கும் தெரியாது, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகரும் டிரிபிள் குறைவாக இருந்ததற்கு விதியோடு இதையும் காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம். கோட்டு போட்டவர் எல்லாம் பயிற்சியாளர் அல்ல, மாணவ மேலாளராகவும் இருப்பார். படத்துக்குக் கீழே உள்ள பெயர்களைப் பெட்டிச் செய்தியில் வரும் பெயர்களோடு ஒப்பிட்டு, இரண்டிலும் வருகிறவர்களுக்கு மட்டும் டிக் அடியுங்கள். படத்தில் இருந்து ஆட்டத்தில் இல்லாதவர்களுக்கு ஒரு வட்டம். அவர்கள் பெஞ்சில் இருந்தார்களா, பாதியில் சேர்ந்தார்களா என்பதை அறிய அடுத்த சீசனின் முதல் ஆட்டப் பெட்டிச் செய்தியைத் திறந்து பாருங்கள், பாதிப் பேர் அங்கே கிடைப்பார்கள்.